கல்லாய் நின்ற காடு

பனை மரமா, புல்லா என்று ஒருவர் நம்மிடம் வினவினால், வினவியவரின் அறிவிலே ஐயங்கொள்வோம். வேலியோரத்தில் வானளாவ நிற்கும் பனையை மரம் என்னாது வேறு என்னென்பது? ஆயினும் தொல்காப்பியர் மரபியலிலே வேறு கணக்கு வைத்திருக்கின்றார். வயிரம் புறத்தே அமைந்தவற்றைப் புல்லென்றும், அகத்தே அமைந்தவற்றை மரமென்றும் பிரிப்பது அவர் காட்டும் மரபு. பனை, தெங்கு, கமுகு, மூங்கில் ஆகியவற்றுக்குக் காழ் வெளிப்புறத்திலே உள்ளது. வேம்பு, பாலை, முதிரை ஆகியவற்றுக்கு அது நடுவிலே உள்ளது. நம்மூர்த் தச்சனுக்கும் இது தெரியும். பனையிலே வளையும் சிலாகையும் அறுப்பவன் புறத்தை எடுத்துக்கொண்டு நடுவிலுள்ள சோற்றியை எறிந்துவிடுவான். வேம்பிலே கதவுக்குப் பலகை தேடுபவன் நடுவையே நாடுவான்.

நேயர்களே, இந்த மரபை நினைவிற்கொண்டே இன்றைய பேச்சைத் தொடங்குகின்றேன். உலகிலே முதன்முதல் காடாய் நின்ற மரங்கள் எவை? அவை புறக்காழ் உடையனவா, அகக்காழ் உடையனவா? இவ்வினாவுக்கு விடைகாண அறிஞர்கள் ஏறக்குறைய நூற்றுநாற்பது ஆண்டுகள் உழைத்தார்கள். அவ்வுழைப்பின் கதை, கண்ட விடையிலும் சுவையானது.

மரம் என்னும் சொல் ஒரு தனிக் குலத்தைச் சுட்டுவதாக நாம் எண்ணலாகாது. ஞாயிற்றின் ஒளிக்காக அண்டைச் செடியை மீறி உயர முயன்ற செடிக்குலம் ஒவ்வொன்றும், தன் பாரத்தைத் தாங்கும் தண்டைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு குலம் பட்டையைத் தடிப்பித்தது. ஒரு குலம் நடுக்காழை ஆண்டுதோறும் பெருக்கிற்று. பனையைப்போன்ற வேறொரு குலம் நார்க்கட்டுகளைப் புறத்தே நெருக்கி அடுக்கிற்று. ஆகவே மரங்களின் வரலாறு ஒரே அடியிலிருந்து கிளைத்த வரலாறாகாது. பல அடிகளிலிருந்து, பல காலங்களில், ஒன்றையொன்று அறியாது உயர்ந்தவற்றின் வரலாறு அது.

அவ்வரலாற்றை அறிவதற்கு நமக்குள்ள சான்று பாறைகளிற் காணப்படும் உயிர்ச்சுவடுகளே. இங்கேதான் பெருந்தொல்லை உண்டு. ஒரு விலங்கு இறந்தால் அதன் எலும்புகள் பெரும்பாலும் ஓரிடத்திலே கிடக்கும். மரமோ உயிரோடிருக்கும்போதே தன்னைத் துண்டு துண்டாக உதிர்க்கின்றது. இலை காற்றோடு போய்க் குளத்துச் சேற்றிலே படியும்; வித்து வெள்ளத்தோடு போய் வேறோரிடத்திலே புதையும்; கொம்பு முறிந்து ஆற்றோடு செல்லும்; வேர்மட்டும் நின்ற நிலத்திலே கிடக்கும். விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் அண்மையிலுள்ள திருவக்கரைக்குச் சென்றோர் அங்கே கல்லாய்க் கிடக்கும் பெருமரங்களைக் கண்டிருப்பர். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மரங்களுள் வேரும் கிளையும் இலையும் உடையதைத் தேடினாற் காணமாட்டார். அவை அங்கே வளர்ந்தவை அல்ல. பழைய ஆறுகள் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டுவந்து போட்டவை என்பதே புவிச்சரிதவியலார் கருத்து.

இதனால் ஆராய்ச்சியாளர், கிடைத்த துண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார்கள். இலைக்கு ஒரு பெயர், அடிமரத்துக்கு ஒரு பெயர், வேருக்கு ஒரு பெயர், வித்துக்கு ஒரு பெயர். ஒரே மரம் நூல்களில் நான்கு செடிகளாய் வாழ்ந்தது. குருடர் யானை கண்ட கதையை நாம் நகைப்போம். இங்கே யானையின் காலும் காதும் வெவ்வேறு நாடுகளிலே கிடந்தன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மரங்களுக்கு முன்னே நிலத்தில் இருந்தவை சிறு செடிகளே. ஸ்கொத்லாந்திலே ரைனி என்னும் ஊரில் வில்லியம் மக்கி என்னும் மருத்துவர் 1912ஆம் ஆண்டளவிற் கண்டெடுத்த கற்களில், 40 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட செடிகள் கலம் கலமாகக் கெடாது காணப்பட்டன. வெந்நீரூற்றின் சிலிக்கா அவற்றை அப்படியே பொதிந்து காத்தது. இலையும் மெய்யான வேரும் இல்லாத அச்செடிகள் முழங்காலளவுக்கு உயர்ந்தாலே பெரிது. அங்கிருந்து மரத்துக்கு வர இயற்கை எடுத்துக்கொண்ட காலம் இரண்டு கோடி ஆண்டளவே. புவியின் கணக்கிலே அது நீண்ட காலமன்று.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். நியூயோர்க் மாநிலத்தின் மலைப்புறத்திலே கில்போவா என்னும் சிற்றூர் ஒன்று இருந்தது. 1869ஆம் ஆண்டு அவ்வூரின் ஆறு பெருக்கெடுத்துக் கரையை அறுத்தபோது, பாறையினுள்ளே நிமிர்ந்து நிற்கும் மரக்குற்றிகள் வெளிப்பட்டன. அடியில் வீங்கி, மேலே சுருங்கிப் பானையைக் கவிழ்த்து வைத்ததுபோன்ற வடிவின அவை. கனடாவிலிருந்த டோசன் என்னும் பேரறிஞர் அவற்றை மரப்பன்னங்களின் குற்றிகள் எனக் கருதி 1871இற் பெயரிட்டார். நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் ஓடைக்கரைகளில் நிற்கும் மரப்பன்னங்களைப் பார்த்தவர்களுக்கு அக்கருத்து வியப்பாகத் தோன்றாது.

கதையின் அடுத்த திருப்பம் தாகத்தினால் வந்தது. நியூயோர்க் பெருநகருக்குக் குடிநீர் வேண்டியிருந்தது. கில்போவாவிலே அணை கட்டி நீரைத் தேக்க முடிவாயிற்று. ஊர் அழிக்கப்பட்டது. அணைக்குக் கல் எடுக்க 1920ஐ அடுத்துக் குழி தோண்டியபோது, தோண்டத் தோண்டக் குற்றிகள் வந்தன. ஓர் ஊரை நீருள் மூழ்கடித்த வேலைதான், அதன் அடியிலே புதைந்திருந்த காட்டை வெளியே கொணர்ந்தது.

அக்குற்றிகளை ஆராயும் பணி, அல்பனி நகரிலுள்ள மாநில நூதனசாலையில் வேலைபார்த்த வினிபிரெட் கோல்ட்றிங் என்னும் பெண்மணியிடம் வந்தது. பெண்கள் புவிச்சரிதவியலுக்குள் நுழைதலே அரிதாயிருந்த காலம் அது. 1939இல் இவரே அம்மாநிலத்தின் தலைமை உயிர்ச்சுவட்டு ஆய்வாளரானார். அப்பதவியில் அமர்ந்த முதற் பெண் இவர்.

கோல்ட்றிங்கின் முன்னிருந்த இடர்ப்பாடு எளிதானதன்று. கில்போவாக் குற்றிகள் உண்மையில் மரம் கல்லானவையல்ல. மரம் உக்கிப்போன குழியிலே மணல் நிறைந்து கல்லானவை. வார்ப்பு அச்சிலே உலோகம் ஊற்றியதுபோல, உருவம் உண்டு, உள்ளமைப்புப் பெரும்பாலும் இல்லை. மேற்பாகமோ எங்கும் கிடைக்கவில்லை. ஆனால் அதே பாறைகளிலே பன்னம்போன்ற கீற்றுகளும், அவற்றிலே வித்துகள் போன்ற சிறு உறுப்புகளும் கிடைத்தன.

அக்காலத்து அறிஞருலகில் நிலவிய ஒரு செய்தியை இங்கே கூறுதல் வேண்டும். 1903ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒலிவர், ஸ்கொட் என்னும் இருவர் நிலக்கரிக் காலத்துச் செடியொன்றைப்பற்றி அரியதோர் உண்மையை வெளியிட்டார்கள். தனியே கிடந்த ஒரு வித்தின் மேலுறையிலே குண்டூசித் தலைபோன்ற சுரப்பி மயிர்கள் இருந்தன. அதே மயிர்கள், பன்னமென்று எல்லோரும் நம்பியிருந்த வேறொரு செடியின் தண்டிலும் இலையிலும் காணப்பட்டன. வேறெந்தச் செடியிலும் அவை இல்லை. ஆகவே அவ்வித்து அச்செடிக்கே உரியது; பன்னம்போன்ற இலையும் மெய்யான வித்தும் கொண்ட குலமொன்று முன்னாளில் இருந்தது என்று துணிந்தார்கள். ஒரு மயிரைக் கொண்டு ஒரு குலத்தையே நிறுவிய இத்திறமை, துண்டுகளை இணைக்கும் கலையின் தலைசிறந்த எடுத்துக்காட்டென்பது என் எண்ணம். அதன்பின் பன்னவிலை கண்ட இடமெல்லாம் வித்தைத் தேடுவது வழக்கமாயிற்று.

கோல்ட்றிங்கும் தேடினார், கண்டதாக நம்பினார். குற்றி, கீற்று, வித்து மூன்றையும் இணைத்து, வித்துப் பன்னங்களுள் முதல்வன் என்னும் பொருள்படப் பெயரிட்டு 1924இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அல்பனி நூதனசாலையிலே, ஓடைக்கரையில் அம்மரங்கள் நிற்கும் காட்சி பெரிய அளவில் அமைக்கப்பட்டது. அதன் ஓவியங்களும் படங்களும் உலகின் பாடநூல்களிலெல்லாம் இடம்பெற்றன. இரண்டு தலைமுறை மாணவர் உலகின் முதற் காட்டை அக்கண்களாலேயே கண்டனர்.

அது பிழையென்பது சிறிது சிறிதாகத் தெரியவந்தது. வித்துகளென்று கொள்ளப்பட்டவை வித்திப்பைகளே என்பதைப் பின்வந்தோர் காட்டினர். கீற்றுக்கும் குற்றிக்கும் தொடர்பு உண்டென்பதற்கு, அவை ஒரே இடத்திற் கிடந்தன என்பதன்றி வேறு சான்று இல்லையெனவும் கண்டனர். அப்படியாயின் அக்குற்றிகளின்மேல் நின்றது எது? நீண்ட காலம் எவரும் சொல்ல இயலவில்லை.

2004ஆம் ஆண்டு, கில்போவாவுக்குச் சில கல் தொலைவிலுள்ள ஒரு மலையில், மாநில நூதனசாலையைச் சார்ந்த இருவர் ஒரு மரத்தின் முடியைக் கல்லிலே முழுதாகக் கண்டார்கள். அடுத்த ஆண்டு அதற்குரிய நீண்ட அடிமரமும், அதன் கீழே பானைபோன்ற பழைய குற்றியின் வடிவும் ஒருங்கே கிடைத்தன. பல துண்டுகளாக வெட்டி எடுத்து, மீண்டும் பொருத்தி, 2007இல் அதனை உலகுக்கு அறிவித்தனர். மரத்தின் உயரம் குறைந்தது 26 அடி. முடியிலே, கும்பத்தில் மாவிலை செருகியதுபோலக் குறுங்கிளைகள் சுற்றிலும் நிற்கின்றன. அக்கிளைகளில் தட்டையான இலை ஒன்றேனும் இல்லை; சிறு காம்புகள் பிரிந்து பிரிந்து செல்கின்றன. மரம் உயர உயரக் கீழ்க்கிளைகள் முழுதாய் உதிர்ந்துவிடும். பெல்ஜியத்திலே துண்டாகக் கிடைத்து, வாற்றீசியா என்னும் பெயரோடு நூல்களில் வேறாக வாழ்ந்திருந்த ஒரு செடிதான் இம்மரத்தின் முடி. 38 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நின்ற மரத்தின் தலையும் காலும் அன்றுதான் ஒன்றுசேர்ந்தன.

கோல்ட்றிங்கின் கீற்றுகள் யாருடையவை என்பதற்கும் விளக்கம் வந்தது. 2010இல் அணையைப் பழுதுபார்க்கும்போது, தூர்க்கப்பட்டிருந்த பழைய கற்குழி மீண்டும் திறக்கப்பட்டது. அடியிலே அப்பழைய காட்டின் தரை, ஏறக்குறைய 1200 சதுர மீற்றர் பரப்பில், குற்றிகள் நின்ற குழிகளோடும் வேர்த்தடங்களோடும் அப்படியே கிடந்தது. பெருமரங்களின் இடையே, தரையிற் படர்ந்து ஊர்ந்த வேறோர் இனத்தின் தடித்த தண்டுகளும் கிடந்தன. கீற்றும் வித்திப்பையும் அவ்வினத்துக்குரியவை என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. காலடியிற் படர்ந்த கொடியின் இலையை எடுத்து மரத்தின் தலையிலே சூட்டிவிட்டார் அம்மையார். அவரைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. முல்லை படர்ந்த தேரிலிருந்து இலையும் பூவும் சக்கரத்துண்டும் மட்டுமே கிடைத்தால், தேரும் பூக்கும் என்று நாமும் எழுதியிருப்போம்.

அம்மரத்தின் உள்ளமைப்பைக் காட்டியது சீனம். அந்நாட்டின் வடமேற்கிலுள்ள சிங்சியாங் பகுதியில், கில்போவா மரத்தின் குலத்தைச் சார்ந்ததும் 37 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டதுமான அடிமரமொன்று சிலிக்காவாய்க் கல்லாகிக் கிடைத்தது. அதன் ஆராய்ச்சி 2017இல் வெளிவந்தது. குறுக்கே அறுத்துப் பார்த்தால் நடுப்பகுதி வெறுமை. காழெல்லாம் புறத்தே, நூற்றுக்கணக்கான தனித்தனி இழைகளாக வட்டமிட்டு நிற்கின்றது. ஒவ்வோர் இழையும் தனித்தனியே தடித்து வளர்ந்தது. அவற்றை இணைத்த வலைப்பின்னல் வளர்ச்சியினாலே கிழிந்தது. கிழிந்த இடம் மீண்டும் பொருந்திற்று. தன்னைத் தானே கிழித்துத் தைத்துக்கொண்டு பருத்த மரம் அது. உலகின் முதற் காடுகளிலே பெருகி நின்றது இக்குலமே. தொல்காப்பியர் வகுத்த மரபின்படி அதனைப் புல் என்றே அழைக்க வேண்டும். பனைக்கும் அதற்கும் உறவு ஏதுமில்லை; பனையின் குலம் தோன்றப் பின்னும் 25 கோடி ஆண்டுகளுக்கு மேல் செல்லவேண்டியிருந்தது. புறத்தே வலிமையை வைக்கும் உபாயம் மட்டும் இரு குலங்களுக்கும் தனித்தனியே வாய்த்தது. இக்குலத்து மரங்கள் நின்ற, கில்போவாவிலும் சிறிது மூத்த, 39 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காடு ஒன்று இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையிற் காணப்பட்டதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. அங்குள்ளவை ஆளுயரத்துக்குச் சற்று மேற்பட்ட சிறு மரங்கள்.

அகக்காழ் மரம் எப்போது வந்தது? இதிலும் துண்டுகளின் விளையாட்டே. ஆக்கியொப்ரெரிசு என்னும் பெயரோடு 1871இலிருந்து ஓர் இலை அறியப்பட்டிருந்தது. இலையும் வித்தியும் பன்னத்தைப் போன்றவை. கலிக்சைலன் என்னும் பெயரோடு 1911இலிருந்து ஓர் அடிமரம் அறியப்பட்டிருந்தது. அதன் காழ் ஊசியிலை மரங்களின் காழைப் போன்றது. பன்னமும் பைனும் எங்ஙனம் ஒன்றாகும்? ஒருவரும் அவற்றை இணைத்து நினைக்கவில்லை. 1960இல் அமெரிக்கத் தாவரவியலார் சாள்ஸ் பெக், அந்த இலைகள் அந்தத் தண்டிலே ஒட்டியபடியே இருந்த சுவடொன்றைக் காட்டினார். வித்து இல்லாது வித்தியினாலே பெருகிய, ஆனால் நடுவிலே வயிரங்கொண்ட மரம் அது. இக்காலத்தில் அப்படியொரு மரம் உலகில் எங்கும் இல்லை. தலையைப் பார்த்தவர் பன்னம் என்றதும், உடலைப் பார்த்தவர் பைன் என்றதும் அவரவரளவில் முறையே.

கில்போவாவிலிருந்து ஏறக்குறைய 25 மைல் தொலைவில், எழுத்திலே எகிப்தியத் தலைநகரை ஒத்த பெயருடைய கெய்ரோ என்னும் சிற்றூர் உண்டு. அங்குள்ள கற்குழியின் தரையிலே இவ்வினத்தின் வேர்கள் 36 அடி வரை பரந்து கிடப்பதை 2019இல் வெளியிட்டனர். காலம் 38 கோடியே 60 இலட்சம் ஆண்டு. கில்போவா மரத்தின் வேர்களோ பனைவேர்போல மெல்லியவை, குறுகியவை, கிளையற்றவை. ஆகப் புறக்காழ் மரமும் அகக்காழ் மரமும் ஏறக்குறைய ஒரே காலத்தில், அண்டை அயலிலே நின்றன. ஆழ்ந்து பரந்த வேரினால் விளைந்தது சிறிதன்று. வேர்கள் பாறையை உடைத்தன. உடைந்த பாறை மழைநீரோடு வினைப்பட்டுக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுசென்றது. தெவோனியக் காலத்தின் இறுதிக்குள் வளியிலே அவ்வாயு பெரிதும் குறைந்து, தென்துருவப் பக்கத்திலே பனிப்பாறைகள் படர்ந்தன.

பின்வந்த நிலக்கரிக் காட்டை இங்கே விரிக்கப் பொழுதில்லை. அதன் பெருமரமான இலெப்பிடோதெந்திரன் நூறடிக்கு மேல் உயர்ந்தது. அதன் காழ் நடுவிலே ஒரு கோல் அளவே, மற்றதெல்லாம் பட்டை. அதன் வேரும் தனிப்பெயருடைய தனிச்செடியாக நெடுங்காலம் எண்ணப்பட்டது. கிளாஸ்கோ நகரப் பூங்காவிலே 1887இற் கண்டெடுத்த அம்மரங்களின் குற்றிகள் 11, நின்ற இடத்திலேயே நின்றபடி, கூரைவேய்ந்து காக்கப்படுகின்றன. நமது மலைநாட்டு வழியோரங்களிற் படரும் சிறு இலைக்கோபோடியச் செடிகள் அப்பெருங்குலத்தின் எஞ்சிய உறவினர்.

இதுவரை கண்டவை வடபால் நாடுகளின் சுவடுகள். தென்பால் உலகின் மரம் வேறொன்று. நாப்போன்ற வடிவுடைய ஓர் இலையை இந்தியாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் பெற்று, 1828இல் பிரெஞ்சு அறிஞர் பிறோஞ்ஞியார் அதற்கு நாவிலைப் பன்னம் என்னும் பொருளில் குளோசொப்ரெரிசு எனப் பெயரிட்டார். இராணிகஞ்சில் வெட்டப்பட்ட நிலக்கரி இம்மரங்களின் உடலே. ஆனால் மரம் என்பதே அப்போது தெரியாது. இலை மட்டுமே தெரியும்.

1912ஆம் ஆண்டு பெப்ரவரியில், தென்துருவத்தை அடைந்து மீண்டுகொண்டிருந்த கப்டன் ஸ்கொட்டும் தோழரும் பியேட்மோர் பனியாற்றின் ஓரத்திலே தங்கினர். நோர்வேயினர் முந்திக்கொண்ட துயரமும் பசியும் குளிரும் அவர்களை வாட்டின. அந்நிலையிலும் மருத்துவர் வில்சன் பாறைகளிடையே இலைப்பதிவுள்ள கற்களைக் கண்டு சேர்த்தார். 35 இறாத்தல் எடையுள்ள கற்களை அவர்கள் சறுக்குவண்டியில் ஏற்றித் தாமே இழுத்தனர். மார்ச்சு மாதத்திற்குள் ஐவரும் மாண்டனர். நவம்பரிலே தேடிச்சென்றோர் கூடாரத்தைக் கண்டபோது கற்கள் உடன் இருந்தன. பாரத்தைக் குறைக்க வேறு பொருள்களைக் களைந்தவர்கள் இக்கற்களைக் களையவில்லை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சீவாட் அவற்றை ஆராய்ந்து, அவை குளோசொப்ரெரிசு இலைகளே என்று 1914இல் எழுதினார்.

மரமே இல்லாத பனிநாட்டில் இந்தியாவின் இலை எவ்வாறு வந்தது? அந்தாட்டிக்கா, இந்தியா, இலங்கை, அவுஸ்திரேலியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா ஆகியன ஒருகாலத்தில் ஒரே நிலமாய் இருந்தன என்பதற்கு அவ்விலை சான்றாயிற்று. நடு இந்தியாவின் கோண்டு மக்களுடைய நிலத்தின் பெயரால் அதனைக் கொண்டுவானா என்பர். பிற்காலத்தில் அந்தாட்டிக்காவிலேயே, ஆண்டு வளையங்களோடு நின்றபடி கல்லான அம்மரத்தின் குற்றிகள் காணப்பட்டன. வளையமுள்ள அகக்காழ் மரம் அது. அதன் இனப்பெருக்க உறுப்புகளை இலையோடு ஒட்டியபடி 1952இல் காட்டியவர் தென்னாபிரிக்காவின் எட்னா பிளம்ஸ்ரெட் என்னும் அம்மையார். அதனால் அது பன்னமன்று, வித்துடைய மரம் என்பது உறுதியாயிற்று. பெயரிட்டு 124 ஆண்டுகள் கழிந்திருந்தன. பெயரிலே பன்னம் இன்றும் இருக்கின்றது.

அதே சீவாட் 1922இல் ஹொல்ற்றம் என்பாருடன் சேர்ந்து இலங்கையின் கற்கள் சிலவற்றைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புத்தளத்திலிருந்து அனுராதபுரம் செல்லும் வழியில், தப்போவைக் குளத்தின் பக்கத்திலுள்ள யுராசிக் காலப் படிவுகளிற் கிடைத்தவை அவை. குளோசொப்ரெரிசு உலகிலிருந்து மறைந்து பல கோடி ஆண்டுகள் சென்றபின் வளர்ந்த காடு அது; இலங்கை அப்போதும் கொண்டுவானாவை விட்டுப் பிரியவில்லை. பன்னங்களின் கீற்றுகளும் கூம்புளி மரங்களின் சிறு கொம்புகளும் அக்கற்களிலே பதிந்துள்ளன. பேருந்திலே அவ்வழி செல்வோர் காண்பது குளமும் புதர்க்காடுமே. குளத்தருகே களிக்கல்லைப் பிளந்தவர்களின் கையிலோ, இலை இலையாக அந்தக் காடு வந்தது.